கிழிந்த கம்பளியும் தொங்கிய வாளும்

ரமலான் நெருங்கும் நாட்களில் நம் இல்லங்களுக்கு வந்து சேரும் வேண்டுகோள்கள் பல. யதீம்கானாவுக்கும், ஏழைப் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும், தொலைதூர நாடுகளில் பசியால் வாடும் சிறார்க்கும் உதவுமாறு அவை கேட்கின்றன. கேட்பது நன்று, கேட்டதும் கொடுப்பது அதனினும் நன்று. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவற்றின் முகப்பில் ஒரு குழந்தையின் படம் இருக்கிறது. கண்கள் கலங்கியிருக்கின்றன, கையில் வெறுந்தட்டு இருக்கிறது. அக்குழந்தையின் பெயர் என்ன, தன் முகம் வீடுதோறும் போய்ச் சேரப் போகிறது என்பதை யாரேனும் அதனிடம் சொன்னார்களா என்னும் வினாக்களுக்கு அங்கே விடை இல்லை.

நன்கொடை வேண்டும் விளம்பரம் திறனாய்வுக்குரிய பொருளா என்று சிலர் ஐயுறக்கூடும். ஆம் என்பதே நம் விடை. அதுவும் ஓர் ஆக்கமே. அதற்குச் சொல்லாட்சி உண்டு, கூற்றுக்குரியவர் உண்டு, எழுப்ப விரும்பும் மெய்ப்பாடு உண்டு. அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கினின்றும் பிறக்கும் என்பது தொல்காப்பியர் வகுத்த இலக்கணம். அந்நான்கினுள் இளிவும் வறுமையும் தனித்தனியே எண்ணப்பட்டிருப்பதை வாசக அன்பர்கள் உற்று நோக்க வேண்டும். வறுமை வேறு, இளிவு வேறு. ஏழையாயிருப்பது ஒரு நிலை. பிறர் கண்முன் இழிந்து நிற்பது மற்றொரு நிலை. வறுமையைச் சொல்லப் புகுந்து இளிவையும் சேர்த்துச் சுமத்திவிடும் வேண்டுகோள், எத்துணைப் பொருள் ஈட்டினும், ஆக்கம் என்ற வகையில் குறையுடையது என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முயல்வது. இதற்குச் சான்றாக, சென்ற நூற்றாண்டில் உலகம் முழுவதும் அறிந்த ஒரு வேண்டுகோளை எடுத்துக்கொள்வோம்.

1984ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், பி.பி.சி. தொலைக்காட்சி எத்தியோப்பியாவிலிருந்து ஒரு செய்திப்படத்தை ஒளிபரப்பியது. அன்றைய வொல்லோ மாநிலத்துக் கொரெம் என்னும் ஊரிலும், திக்ரே மாநிலத்து மெக்கெல்லேயிலும் எடுக்கப்பட்ட படம் அது. விடியற்காலைக் குளிரில் பல்லாயிரவர் தரையில் சுருண்டு கிடந்தனர். இரவில் இறந்த குழந்தைகளைத் துணியில் சுற்றி வரிசையாக வைத்திருந்தனர். செய்தி கூறியவர் மைக்கேல் புயர்க். படம் எடுத்தவர் முஹம்மத் அமீன். பின்னவரைப் பற்றி நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். நைரோபியில் 1943இல் ஒரு பஞ்சாபி முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். மக்காவின் ஹஜ் பயணத்தைப் படங்களாக்கி 1978இல் நூல் வெளியிட்டவர். 1991இல் அடிஸ் அபாபாவில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தபோது இடக்கையை இழந்தும் தம் தொழிலை விடாதவர். 1996 நவம்பரில், கடத்தப்பட்ட விமானம் கொமொரோ தீவுகளுக்கு அருகே கடலில் வீழ்ந்தபோது இறந்தார்.

அமீனின் படத்தில் அலங்காரம் இல்லை. காமிரா மெல்ல நகர்கிறது. ஒவ்வொரு முகத்தின் முன்னும் சற்றே நின்று, பின் செல்கிறது. எவரையும் அழச் சொல்லவில்லை. எவரையும் கை நீட்டச் சொல்லவில்லை. அது சாட்சியம். உலகின் நூற்றுக்கணக்கான தொலைக்காட்சி நிலையங்கள் அதை மறுஒளிபரப்புச் செய்தன. அதுவரை அசையாதிருந்த அரசுகள் அசைந்தன. அப்படத்தை நாம் குறைகூறவில்லை. அதற்குக் கடன்பட்டவர்கள் நாம். ஆனால் அதனோடு ஒலித்த சொற்களில் ஒன்று நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. விவிலிய காலத்துப் பஞ்சம் இருபதாம் நூற்றாண்டில் நேர்ந்திருக்கிறது என்னும் பொருள்பட அதில் கூறப்பட்டது. சொல் அழகியதுதான். ஆயின் விவிலிய காலத்துப் பஞ்சத்துக்கு வானமே பொறுப்பு. மனிதரில் எவரும் பொறுப்பாளியல்லர். எத்தியோப்பியாவின் பஞ்சமோ அத்தகையதன்று. மழை பொய்த்தது உண்மை. அதனோடு மெங்கிஸ்து ஹைலே மரியத்தின் இராணுவ அரசு வடபகுதிக் கிளர்ச்சியாளர்மீது நடத்திய போரும் சேர்ந்தே அம்மக்களைக் கொன்றது. பஞ்சம் முற்றிய 1984 செப்டம்பரில்தான் அவ்வரசு தன் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவைத் தலைநகரில் ஆரவாரத்தோடு கொண்டாடியது. இறந்தோர் தொகையை நான்கு லட்சம் முதல் பத்து லட்சம் வரை ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர்.

சாட்சியத்தின் பின் வேண்டுகோள் பிறந்தது. பாப் கெல்டாஃப் என்னும் ஐரிஷ் பாடகர் அச்செய்திப்படத்தைக் கண்டு கலங்கி, மிட்ஜ் யூர் என்பவரோடு சேர்ந்து ஒரு பாடல் இயற்றினார். புகழ்பெற்ற பாடகர் பலர் ஒன்றுகூடி நவம்பர் 25ஆம் நாள் லண்டனில் அதைப் பாடிப் பதிவு செய்தனர். பத்திரிகைகளும் வானொலியும் தொலைக்காட்சியும் அதை ஊரெங்கும் கொண்டு சென்றன. பிரிட்டனில் அதுவரை வெளிவந்த தனிப்பாடல்களுள் மிகுதியாக விற்றது அது. 1997 வரை அவ்விடத்தை அதுவே வைத்திருந்தது. கெல்டாஃபின் கண்ணீர் பொய்யானதன்று. அவர் உழைப்பால் உணவும் மருந்தும் வாகனங்களும் போய்ச் சேர்ந்தன. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பாடலின் சொற்களுக்குள் நுழைய வேண்டும், அதுவே நீதி.

அப்பாடலின் தலைப்பே ஒரு வினா. அம்மக்களுக்கு இது கிறிஸ்துமஸ் காலம் என்று தெரியுமா என்பது அது. எவரைப் பார்த்துக் கேட்கப்பட்ட வினா? நான்காம் நூற்றாண்டில், எஸானா மன்னர் காலத்திலேயே கிறிஸ்தவத்தை ஏற்ற நாடு எத்தியோப்பியா. அங்குள்ள திருச்சபை அப்பெருநாளை ஜனவரி 7ஆம் நாள் கொண்டாடுகிறது. நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் முஸ்லிம்கள். அவர்களுக்கு அவ்வினாவே பொருந்தாது. இன்னும், அங்கே எதுவும் விளைவதில்லை, மழையில்லை, ஆறில்லை என்பதுபோல் பாடல் சித்திரிக்கிறது. நீல நைல் தோன்றும் நாடு அது! காப்பிச் செடியை உலகுக்கு ஈந்த நாடு அது! எல்லாவற்றிலும் கொடிய வரி ஒன்றுண்டு. அத்துன்பம் கேட்போரைச் சேராமல் அவர்களைச் சேர்ந்ததற்காக இறைவனுக்கு நன்றி செலுத்தும்படி அது சொல்லுகிறது. அங்கதமாக எழுதினார்கள் என்று கொண்டாலும், மெட்டோடு சேர்ந்து காதில் விழும்போது அது அங்கதமாக விழுவதில்லை. ‘நாம்’ என்றும் ‘அவர்கள்’ என்றும் மனித குலம் அவ்வரியில் இரண்டாகப் பிளந்துவிடுகிறது.

ஹபஷா நாட்டு மக்களைக் குறித்து இப்படி ஒரு வினா எழுந்தபோது நமக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். கி.பி. 615இல், மக்காவின் கொடுமை தாளாது கடல் கடந்த நபித்தோழர்களுக்கு அடைக்கலம் அளித்த நாடன்றோ அது! மெக்கெல்லேக்கு வடக்கே உள்ள நெகாஷ் என்னும் சிற்றூர், அம்முஹாஜிர்களில் சிலர் அடங்கிய இடம் என்று அந்நாட்டு மக்களால் இன்றும் போற்றப்படுகிறது. அடைக்கலம் கேட்டு வந்தவர்களை நஜ்ஜாஷி மன்னர் எங்ஙனம் நடத்தினார்? குறைஷியர் தூதர்கள் சொன்னதை மட்டும் கேட்டு முடிவு செய்யவில்லை; வந்தவர்களையே அழைத்துப் பேசச் சொன்னார். ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) எழுந்து பேசினார்கள். தங்கள் பசியைச் சொல்லி இரக்கம் கேட்கவில்லை. தங்கள் கொள்கையைச் சொன்னார்கள். மர்யம் அத்தியாயத்தை ஓதினார்கள். கொரெமில் கிடந்தவர்களுக்கோ அப்பாடலில் பேசும் வாய்ப்பு ஒரு வரியளவும் கிடைக்கவில்லை.

பாடலை அடுத்து, 1985 ஜூலை 13ஆம் நாள் லண்டனிலும் பிலடெல்ஃபியாவிலும் ஒரே நாளில் பெரும் இசைவிழா நடந்தது. நூறு கோடிக்கு மேற்பட்டோர் கண்டனர் என்று அந்நாளில் கணக்கிட்டனர். அவ்விழாவின் நடுவே கனடிய தொலைக்காட்சி எடுத்த பஞ்சக் காட்சிகளைத் திரையிட்டார்கள். பின்னணியில் ஒலித்தது என்ன? அந்நாட்களில் பரவியிருந்த ஒரு காதல் பாட்டு! துவண்ட தன் காதலியை நோக்கிப் பாடப்பட்ட அதற்கும், சாகக் கிடந்த குழந்தைகளுக்கும் எத்தொடர்பும் இல்லை. ஆயினும் அதன்பின் நன்கொடை வெள்ளமெனப் பெருகியது. இங்கேதான் திறனாய்வாளன் இடர்ப்படுகிறான். பயன் மிகப் பெரிது, ஆக்கமோ பொய். எதைக் கொண்டு எதை நிறுப்பது?

நிறுக்கும் கோலை வெளியே தேட வேண்டியதில்லை. ஸஹீஹ் முஸ்லிமின் ஜகாத் பாடத்தில் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஒன்றுண்டு. முற்பகல் வேளையில் முளர் குலத்தார் சிலர் மதீனாவுக்கு வந்தார்கள். காலில் செருப்பில்லை, உடலில் போதிய ஆடையில்லை, நடுவே கிழித்துத் தலைவழி அணிந்த கோடிட்ட கம்பளி, தோளிலே தொங்கும் வாள். அவர்களுடைய வறுமையைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் மாறியது. உள்ளே சென்றார்கள், வெளியே வந்தார்கள், பிலால் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்லப் பணித்துத் தொழுவித்தார்கள், பின்னர் உரை நிகழ்த்தினார்கள். தீனாரோ, திர்ஹமோ, ஆடையோ, கோதுமையோ, பேரீச்சையோ, பாதிப் பேரீச்சம்பழமேயாயினும் தருமம் செய்யுமாறு கேட்டார்கள். அன்ஸாரிகளில் ஒருவர் கை தாங்காத பொற்கிழியோடு முதலில் வந்தார். மக்கள் தொடர்ந்தனர். உணவும் ஆடையும் இரண்டு குவியல்களாக உயர்ந்தன. திருமுகம் பொன் பூசியது போல் ஒளிர்ந்தது. நல்லதொரு வழக்கத்தைத் தொடங்கி வைப்பவருக்கு அதைப் பின்பற்றுவோரின் கூலியும் உண்டு என்னும் கருத்தை நாயகம் (ஸல்) அவர்கள் அன்றுதான் அருளினார்கள்.

இது பொது வேண்டுகோள் அன்றி வேறென்ன? பாங்கொலி அக்காலத்தின் பேரறிவிப்பு. மிம்பர் அக்காலத்தின் மேடை. எனவே, தருமத்துக்காக ஊரைக் கூட்டுவதே தவறு என்று வாதிடுவோர் இந்த ஹதீஸை மறந்தவர்கள். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத தருமத்தின் சிறப்பும் ஹதீஸில் உண்டு. அல்பகரா அத்தியாயத்தின் 271ஆம் வசனமோ வெளிப்படக் கொடுப்பதையும் நன்றென்று ஏற்றுக்கொண்டு, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பதை மேலும் நன்றென்று வைக்கிறது. இரு கதவுகளும் திறந்தே இருக்கின்றன.

ஆயினும் அந்த ஹதீஸை ஓர் ஆக்கமாக வைத்து மீண்டும் படித்துப் பார்ப்போம். அதில் இரண்டு கூற்றுகள் உள்ளன. ஒன்று ஜரீர் (ரலி) அவர்களின் வருணனை. மற்றொன்று நாயகம் (ஸல்) அவர்களின் உரை. வருணனை வறுமையை மறைக்கவில்லை. வெறுங்காலையும் கிழிந்த கம்பளியையும் சொல்லுகிறது. அதே மூச்சில் வாளையும் சொல்லுகிறது. வந்தவர்கள் ஏழைகள், ஆனால் ஆண்மை இழந்தவர்களல்லர் என்பதற்கு அவ்வாள் சான்று. இதுவே உண்மையான சாட்சியத்தின் இலக்கணம். உரையோ அக்கம்பளியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை! அங்கே ஓதப்பட்டவை நிஸா அத்தியாயத்தின் முதல் வசனமும், ஹஷ்ர் அத்தியாயத்தின் 18ஆம் வசனமும். முன்னது மனிதர் யாவரையும் ஓர் ஆன்மாவிலிருந்து படைத்ததை நினைவூட்டுவது; பின்னது ஒவ்வோர் ஆன்மாவும் நாளைக்கென எதை முற்படுத்தியுள்ளது என்று பார்க்கச் சொல்வது. பெறுபவர் உடலைக் காட்டி அவ்வுரை பேசவில்லை. கொடுப்பவர் உள்ளத்தை நோக்கிப் பேசியது. லண்டன் பாட்டு ‘அவர்கள்’ என்றது. மதீனத்து உரை ‘ஓர் ஆன்மா’ என்றது. வேறுபாடு அவ்வளவே; அவ்வேறுபாட்டில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

அரபு மொழி இதற்கு இரண்டு சொற்களை வைத்திருக்கிறது. ‘ரியா’ என்பது காணுதலைக் குறிக்கும் வேரிலிருந்தும், ‘ஸும்ஆ’ என்பது கேட்டலைக் குறிக்கும் வேரிலிருந்தும் பிறந்தவை. பிறர் காணச் செய்வது முன்னது. பிறர் கேட்கச் செய்வது பின்னது. படமும் ஒலியும் சேர்ந்த தொலைக்காட்சி இவ்விரு நோய்களும் ஒருங்கே குடிபுக ஏற்ற வீடு. கொடுப்பவரின் பெருமைக்கு நம் அறிஞர்கள் இச்சொற்களைக் கொண்டு எல்லை வகுத்தார்கள். பெறுபவரின் நாணத்துக்கோ அல்பகராவின் 273ஆம் வசனம் எல்லை வகுக்கிறது. கேட்காமல் தம்மைக் காத்துக்கொள்வதால், அறியாதவன் செல்வர் என்று எண்ணிவிடும் ஏழைகளை அது பேசுகிறது. அவர்களுடைய அடையாளத்தைக் கொண்டே அவர்களை அறிய முடியும் என்கிறது. அது நுண்ணிய அடையாளம். தேடிச் செல்பவன் கண்ணுக்கே தெரிவது. காமிராவுக்கு அது போதாது. அதற்கு உப்பிய வயிறு வேண்டும். கண்ணில் மொய்க்கும் ஈ வேண்டும். ஆதலால், பசியை மறைத்து நிற்கும் பிள்ளை அதன் சட்டத்துக்குள் வருவதேயில்லை.

நம் தமிழும் இதை அறியும். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் ஒரு பாணனின் அடுக்களையைக் காட்டுகிறார். குட்டி ஈன்ற நாய் பசியால் குரைக்கிறது. சுவரைக் கரையான் அரித்திருக்கிறது. பாணனின் மனைவி குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். உண்ணும்முன் அவள் செய்வது யாது? வறுமையின் இயல்பறியாதார் பார்ப்பதற்கு நாணி வாயிற்கதவை அடைக்கிறாள். இக்காட்சியைச் சொல்பவன் யார்? அவ்வறுமையை வாழ்ந்து, நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்று மீண்ட பாணனே சொல்லுகிறான். கதவு அடைத்தவர்கள் கையாலேயே பின்னர் திறக்கப்படுகிறது. அதனால் அங்கே வறுமை உண்டு, இளிவு இல்லை.

படம் இல்லையேல் குழந்தைகள் செத்திருக்குமே, நாணம் பெரிதா, உயிர் பெரிதா என்று ஒருவர் கேட்கலாம். வலிமையான கேள்வி இது. 1919இல் எக்லண்டைன் ஜெப் என்னும் ஆங்கிலப் பெண்மணி, முற்றுகையால் பட்டினி கிடந்த ஆஸ்திரியக் குழந்தையின் படமிட்ட துண்டறிக்கைகளை லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் வழங்கியதற்காக ஐந்து பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டார். போரில் எதிரியாயிருந்த நாட்டின் குழந்தை அது. மறைக்கப்பட்ட கொடுமையை அப்படம் வெளிப்படுத்தியது. முற்றுகை நடத்திய தம் அரசையே குற்றஞ்சாட்டியது. குழந்தையைக் காட்டிக் குற்றவாளியையும் காட்டினார் அவர். அவ்வாண்டே குழந்தைகளைக் காக்கும் நிதி தோன்றியது. குழந்தை உரிமைகள் பற்றி அவர் வரைந்த சாசனத்தை உலக நாடுகளின் சங்கம் 1924இல் ஏற்றது. உயிர் காக்கப் படம் வேண்டுமெனில் படம் ஆகுமானதே. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் அனுமதிக்கும் என்பது ஃபிக்ஹின் விதி. ஆனால் நிர்ப்பந்தம் தேவையான அளவுக்கு மட்டுமே அனுமதிக்கும் என்பதும் அதே ஃபிக்ஹின் விதி. சாட்சியத்துக்குத் தேவையான அளவு வேறு. கண்ணீரைப் பிழிவதற்குத் தேவையான அளவு வேறு.

எத்தியோப்பியப் பாடல் குழந்தையைக் காட்டியது, குற்றவாளியைக் காட்டவில்லை. அதன் விளைவும் உண்டு. பஞ்சப் பகுதி மக்களை அவ்வரசு வலிந்து தென்மேற்கே குடியேற்றியபோது, அதைக் கண்டித்த எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு 1985 இறுதியில் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டது. வானமே குற்றவாளி என்று நம்பவைக்கப்பட்ட நன்கொடையாளர்களில் எத்தனை பேருக்கு அவ்வெளியேற்றத்தின் பொருள் விளங்கியிருக்கும்?

மேற்கிலும் இவ்வுணர்வு பின்னர் பிறந்தது. 1989இல் ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் ஏழை நாட்டு மக்களைப் படத்திலும் செய்தியிலும் எங்ஙனம் காட்டுவது என்பதற்கு ஒழுக்க விதிகள் வகுத்தன. 2012இல் நார்வே மாணவர் அமைப்பு ஒன்று, குளிரில் நடுங்கும் நார்வேக்காரர்களுக்கு ஆப்பிரிக்கர்கள் வெப்பக் கருவிகளைத் திரட்டி அனுப்புவதாக ஒரு நையாண்டிப் பாடல் வெளியிட்டது. 2014இல் எபோலா நோய்க்காகப் பழைய பாடலை மீண்டும் பாடியபோது அந்தக் கொடிய வரியை மாற்றினார்கள். அப்போதும் கானா வழிவந்த பிரிட்டிஷ் பாடகர் ஃப்யூஸ் ஓ.டி.ஜி. அதன் சொற்களை ஏற்காது விலகினார். 1985 விழாத் திரையில் சாகும் தறுவாயில் காட்டப்பட்ட சிறுமி ஒருத்தி பிழைத்து, வேளாண்மை பயின்ற இளம்பெண்ணாக 2005 ஜூலையில் லண்டன் மேடையில் தோன்றினாள். அம்முகம் அவளுடையதே என்று உலகம் அறிய இருபது ஆண்டுகள் ஆயின.

மேல்நாட்டாரைக் குறைகூறி நாம் ஒதுங்கிவிட இயலாது. பல ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய ஊரில் செல்வர் ஒருவர் ஏழை மாணவர்களுக்குச் சீருடை வழங்க முன்வந்தார். பட்டியல் எழுதியவர்களில் நாமும் ஒருவர். மேடை, பதாகை, நாளிதழ் நிருபர், படம் பிடிப்பவர் யாவும் ஏற்பாடாயின. ஒருநாளும் பாடம் தவறாத யதீம் பிள்ளை ஒருவன் அன்று மட்டும் வரவில்லை. மறுநாள் பழைய சட்டையோடு வந்து அமர்ந்தான். காரணம் கேட்டோம். தலை குனிந்து, “பேப்பர்ல படம் வந்துட்டா, லாத்தாவைப் பொண்ணு கேட்டு வர்றவங்க தயங்குவாங்கன்னு உம்மா சொல்லிட்டாங்க ஹஜ்ரத்” என்றான்.

பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்த அந்தத் தாய், சிறுபாணாற்றுப்படையைப் படித்தவரல்லர். ஆயினும் கதவை அடைத்தார். அடைக்க அவருக்காவது ஒரு கதவு இருந்தது. மேடையேறிய மற்றப் பிள்ளைகளுக்கு அது இல்லை. அவர்களுக்காக அடைக்க வேண்டியவர்கள் நாம், திறந்துவிட்டவர்களும் நாமே. குழந்தை தன் முகத்தைக் காக்க அறியாது. அது நம் கையில் உள்ள அமானிதம். அன்று அச்சீருடையை மாலையில் அவன் வீட்டுக்கு நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம். அத்தாய் கதவுக்குப் பின்னிருந்தே வாங்கிக்கொண்டார்கள். அதுவரை நாம் படித்திருந்த முளர் குலத்தாரின் ஹதீஸ் அன்றுதான் நமக்கு விளங்கியது.

ஆதலால் ஜமாஅத்துகளுக்கும் சங்கங்களுக்கும் நம் வேண்டுகோள் இது. விளம்பரம் செய்யுங்கள், தயங்காதீர்கள். எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றார்கள், ஏன் நின்றார்கள், ஒருவருக்கு ஆண்டுச் செலவு யாது, சென்ற ஆண்டு வந்த பணம் எங்கே போயிற்று என்பதை உரக்கச் சொல்லுங்கள். முதலில் பொற்கிழியோடு வந்த அன்ஸாரியைப் போன்றவரைக் காட்டி ஊரைத் தூண்ட விரும்பினாலும் காட்டுங்கள். அவர் உள்ளத்தை அல்லாஹ் அறிவான். பிள்ளையின் முகத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சாட்சியத்துக்காகச் சொல்லியே தீர வேண்டுமாயின், கிழிந்த கம்பளியைச் சொல்லும் வாய் தொங்கிய வாளையும் சொல்லட்டும். மாற வேண்டியது பார்ப்பவர் முகம், பெறுபவர் முகமன்று.